வண்டி வரும்வரை

108 வண்டி போய் நிற்கிற வீட்டில் பெரும்பாலும் எல்லாம் தயாராக இருக்கும். ஒருவர் கையில் சொம்புத் தண்ணீர். இன்னொருவர் பெட்டிக்கடையிலிருந்து ஓடிப்போய் வாங்கி வந்த சோடா. ஒரு பாட்டி வெங்காயத்தை நசுக்கி மூக்கில் காட்டிக்கொண்டிருப்பார். வலிப்போ என்று நினைத்து உள்ளங்கையில் இரும்புச் சாவியைத் திணித்திருப்பார்கள். உள்ளங்கால் தைலத்தில் வழவழக்கும். சுற்றி நின்று நான்கு பேர் துண்டால் விசிறுவார்கள். இத்தனை பேர் இவ்வளவு பாடுபட்டும், விழுந்தவர் நெஞ்சின் மேல் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். செய்ய வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

தஞ்சாவூர்ப் பக்கம் 108 வண்டியில் மருத்துவ உதவியாளராக வேலை பார்க்கிறேன். எங்களுக்குள் இ.எம்.டி. என்று சொல்லிக்கொள்வோம். வண்டி ஓட்டுபவரை டிரைவர் என்று சொல்வதில்லை, பைலட். ஊர்க்காரர்களுக்கு அவர் அண்ணன், நான் சிஸ்டர். தமிழ்நாட்டில் இந்தச் சேவை தொடங்கியது 2008 செப்டம்பரில். இன்றைக்கு 108 என்றால் வண்டி வரும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். வரும்தான். ஆனால் இதயம் நின்றுபோன ஒருவருக்கு நாங்கள் எவ்வளவு வேகமாக வந்தாலும் தாமதம்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. கணக்கு அப்படி.

இதயம் நின்றால் மூளைக்கு ரத்தம் போகாது. நான்கு நிமிடம், மிஞ்சினால் ஆறு நிமிடம். அதற்குள் மூளை பழுதாகத் தொடங்கிவிடும். நெஞ்சை அமுக்காமல் விடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்துகொண்டே போகும். இப்போது எங்கள் பக்கத்து நேரத்தைப் பாருங்கள். ஆள் விழுந்ததும் முதல் போன் 108-க்கு வராது. திருப்பூரில் இருக்கும் மகனுக்குப் போகும். அடுத்தது, ஊசி போடுகிற கம்பவுண்டருக்கு. மூன்றாவதாகத்தான் யாராவது எங்களை நினைப்பார்கள். பிறகு நாங்கள் கிளம்பி, ரயில்வே கேட்டில் நின்று, வாய்க்கால் கரை மண்ரோட்டில் இறங்கி, "எந்தத் தெரு, எந்த வீடு" என்று கேட்டு, வந்து சேர வேண்டும். நாலு நிமிடத்துக்குள் இது எந்த ஊரிலும் நடக்காது. அந்த நாலு நிமிடம் எங்களுடையது இல்லை, அங்கே நிற்கிறவர்களுடையது.

அதனால்தான் பணி இல்லாத நாட்களில், கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போய், நெஞ்சை அமுக்கி உயிர் மீட்கும் சி.பி.ஆர். முறையைச் சொல்லிக்கொடுக்கிறேன். மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம், கல்யாண மண்டபம், ஆட்டோ ஸ்டாண்டு என்று எங்கும் போவேன். போகிற இடமெல்லாம் ஒரே கேள்விகள்தான் வரும். அந்தக் கேள்விகளின் போக்கிலேயே இங்கேயும் சொல்கிறேன்.

முதல் கேள்வி எப்போதும் இது: "நெஞ்சு வலின்னு சொன்னா உடனே அமுக்கணுமா சிஸ்டர்?" கூடாது. மாரடைப்பும் இதயம் நின்றுபோவதும் வேறு வேறு. மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. அந்த ஆள் வியர்த்துக் கொட்டுவார், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், கையும் தாடையும் வலிக்கிறது என்பார். ஆனால் பேசுவார். பேசுகிறவர் நெஞ்சில் கை வைக்காதீர்கள். உட்கார வைத்து, நடக்க விடாமல், 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த மாரடைப்பு முற்றி இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறானால் துடிப்பு நிற்கும், ஆள் சரிந்து விழுவார். அதன் பிறகுதான் சி.பி.ஆர். மாரடைப்பு இல்லாமலும் இதயம் நிற்கலாம். மின்சாரம் தாக்கியோ, தண்ணீரில் மூழ்கியோ, தொண்டையில் சோறு அடைத்தோ நிற்கலாம். (தனியாக இருக்கும்போது நெஞ்சு வலித்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள், பிழைத்துவிடலாம் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி பல வருடங்களாகச் சுற்றுகிறது. அதை நம்பி இருமிக்கொண்டிருப்பதற்குப் பதில் போனை எடுங்கள்.)

சரி, இதயம் நின்றுவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நாடி பிடித்துப் பார்க்க வேண்டாம். அவசரத்தில், நடுங்குகிற விரலில், உங்கள் நாடியே உங்களுக்குத் தட்டுப்படும். பழகியவர்களே தடுமாறும் இடம் அது. இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். இரு தோள்களையும் பலமாகத் தட்டி, சத்தமாகக் கூப்பிட்டால் அசைவு இருக்கிறதா? நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்குகிறதா? இதற்குப் பத்து விநாடி போதும். இரண்டும் இல்லையென்றால் தொடங்க வேண்டியதுதான்.

"ஒழுங்காக" என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் அதிகமான உயிர்கள் கைவிட்டுப் போவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். இதயம் நின்ற பிறகும் சில நிமிடம் வாய் திறந்து திறந்து மூடும். நீண்ட இடைவெளி விட்டு ஒரு கொர் சத்தம், ஒரு இழுப்பு, மறுபடி ஒன்றுமில்லை. பார்க்கிறவர்கள், "உசுரு இருக்கு, இழுத்துக்கிட்டு இருக்கு" என்பார்கள். ஒருமுறை நாங்கள் போனபோது அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவரைத் திண்ணையில் கிடத்தி, மூத்த மகள் வாயில் கரண்டியால் பால் விட்டுக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் முன்பு வரை வயலில் நின்றவர் அவர். கடைசி இழுப்பு என்று வீடே முடிவு கட்டிவிட்டது. அந்த இழுப்பு மூச்சு அல்ல. மூளையின் அடித்தண்டு ஆக்சிஜன் இல்லாமல் கொடுக்கும் கடைசிக் குரல். ஆனால் அந்தக் குரல் இருக்கும்போது நெஞ்சை அமுக்கத் தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு மற்ற நேரத்தைவிட அதிகம். பாலோ தண்ணீரோ வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குத்தான் போகும்.

வலிப்பும் அப்படித்தான் ஏமாற்றும். இதயம் நின்ற முதல் சில விநாடிகளில் மூளைக்கு ரத்தம் போகாமல் கைகால் வெட்டி இழுக்கலாம். சாவியைத் தேடுவார்கள். உண்மையான வலிப்புக்கே சாவியால் பயன் இல்லை, அது தனிக் கதை. வெட்டல் நின்றதும் மூச்சைப் பாருங்கள். வலிப்பு வந்தவர் அயர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால் அது வலிப்பு அல்ல.

"உயிரோட இருக்கறவர அமுக்கிட்டா?" என்று ஒரு தம்பி கேட்டான். துடிக்கிற இதயம் உள்ளவரை அமுக்கினால் அவர் முனகுவார், கையைத் தட்டிவிடுவார், உடனே நிறுத்திவிடலாம். நெஞ்சு வலிக்கும், அபூர்வமாக ஒரு விலா எலும்பு விரியலாம். இதயம் நின்றவரை அமுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதானே. சந்தேகம் வந்தால் அமுக்கிவிடுங்கள்.

தொடங்கும் முன் 108. போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வைத்துவிட்டால் இரண்டு கையும் உங்களுக்குக் கிடைக்கும். கூட்டத்தைப் பார்த்து "யாராவது போன் பண்ணுங்க" என்று சொன்னால் யாரும் பண்ண மாட்டார்கள். "நீல சட்டை அண்ணே, நீங்க 108-க்குப் போடுங்க" என்று ஆளைக் காட்டிச் சொல்லுங்கள். இன்னொருவரைத் தெருமுனைக்கு அனுப்பி, வண்டியைப் பார்த்துக் கை காட்டச் சொல்லுங்கள். இரவு நேரத்தில் இது எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று என் பைலட்டைக் கேட்டால் சொல்வார்.

இனி அமுக்குவது. ஆள் கட்டிலில், மெத்தையில் கிடந்தால் கீழே இறக்குங்கள். மெத்தையில் அமுக்கினால் மெத்தைதான் இறங்கும், நெஞ்சு இறங்காது. மல்லாக்கப் படுக்க வைத்து, பக்கத்தில் முட்டி போட்டு, அவர் நெஞ்சை ஒட்டி உட்காருங்கள். நெஞ்சின் நடுவில் நெடுக ஓடும் எலும்பு இருக்கிறதே, அதன் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வையுங்கள். இடது பக்கம் அல்ல, நடுவில். சினிமாவில் இடது பக்கம் குத்துவார்கள், முஷ்டியால் குத்திவிட்டு அழுவார்கள், அதை மறந்துவிடுங்கள். முதல் கையின் மேல் இன்னொரு கை, விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்கக் கூடாது. உங்கள் தோள் அவர் நெஞ்சுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். கையின் பலத்தால் அமுக்கினால் அரை நிமிடத்தில் ஓய்ந்துவிடுவீர்கள். இடுப்பிலிருந்து உடம்பின் எடையை இறக்குங்கள். பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்க வேண்டும், 6-ஐத் தாண்டக் கூடாது. 5 சென்டிமீட்டர் என்பது நினைப்பதைவிட அதிகம். பயிற்சியில் பொம்மையை முதல்முறை அமுக்குகிறவர்கள் எல்லோருமே பாதிதான் அமுக்குகிறார்கள்.

ஒவ்வொரு அமுக்கலுக்குப் பிறகும் நெஞ்சு முழுக்க மேலே வர விட வேண்டும். அடிபம்பில் கைப்பிடியைப் பாதியிலேயே நிறுத்தி நிறுத்தி அடித்தால் தண்ணீர் வருமா? அமுக்கும்போது இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிறது, விடும்போதுதான் உள்ளே நிரம்புகிறது. நெஞ்சின் மேல் சாய்ந்துகொண்டே இருந்தால் நிரம்ப இடம் இல்லை.

வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணுவதில் எங்கள் வகுப்புகளில் நான் கண்ட ஒரு சின்ன விஷயம்: ஒன்று, ரெண்டு, மூணு என்று போகும்வரை கை சரியான வேகத்தில் போகும். பதினொன்று, பன்னிரண்டு என்று தொடர்ந்தால் சொல் நீண்டுவிடும், கையும் அதோடு தளர்ந்துவிடும். இருபத்தேழு, இருபத்தெட்டு வரும்போது பாதி வேகம்தான் இருக்கும். அதனால் ஒன்றிலிருந்து பத்து வரை மூன்று முறை எண்ணச் சொல்கிறேன். ஒரு பத்துக்கு ஐந்து அல்லது ஆறு விநாடி ஆகும்படி எண்ணினால் வேகம் சரி.

எலும்பு உடைகிற சத்தம் கேட்கலாம். வயதானவர்களுக்குக் கிட்டத்தட்ட கேட்டே தீரும். முதல்முறை கேட்கும்போது கை தானாக நின்றுவிடும். நிறுத்தாதீர்கள். கை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு தொடருங்கள். விலா எலும்பு சில வாரத்தில் கூடிவிடும்.

இரண்டு நிமிடத்துக்கு மேல் யாராலும் ஒழுங்காக அமுக்க முடியாது. தனக்குத் தெரியாமலே ஆழம் குறைந்துவிடும். வயல்வேலை செய்கிற கைக்கும் இதுதான் கதி. பக்கத்தில் இருப்பவரை எதிர்ப்பக்கம் முட்டி போட்டுத் தயாராக இருக்கச் சொல்லி, இடைவெளி விடாமல் மாறிக்கொள்ளுங்கள். எதற்காக நிறுத்தினாலும் பத்து விநாடிக்கு மேல் நிறுத்தாதீர்கள். நிறுத்தியதும் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும், மறுபடி ஏற நிறைய அமுக்கல்கள் வேண்டும். "பேச்சு மூச்சு வந்துடுச்சா" என்று அரை நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பார்ப்பதுதான் நான் அதிகம் கண்ட வழக்கம். வந்தால் அவரே உங்களுக்குத் தெரிவிப்பார்.

பெண் விழுந்தால் என்ன செய்வது? இதைக் கூட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். நானே எடுப்பேன். கடைத்தெருவில் ஒரு அம்மா விழுந்து, சுற்றி இருபது ஆண்கள் நின்று, "ஒரு லேடீஸ் வாங்கம்மா" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நம் ஊர்க் கூச்சம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் எடுத்த ஓர் ஆய்வில், பொது இடத்தில் விழுந்த ஆண்களில் 45 சதவீதம் பேருக்கு வழிப்போக்கர்கள் சி.பி.ஆர். செய்திருந்தார்கள், பெண்களில் 39 சதவீதம் பேருக்குத்தான். முந்தானையை விலக்கி ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளலாம். ஜாக்கெட்டைக் கழற்றத் தேவையில்லை. ஊக்கு இருந்தால் எடுத்துவிடுங்கள், தாலிச் சரட்டைத் தோள் பக்கம் தள்ளுங்கள், நடு எலும்பில் கை வையுங்கள். ஆண்களுக்கு ஒன்று சொல்கிறேன்: உங்கள் வீட்டுப் பெண் பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடக்கும்போது, ஒரு பெண் வரட்டும் என்று ஊர் காத்திருக்க வேண்டும் என்பீர்களா?

வாயில் மூச்சு ஊத வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. திடீரென்று சரிந்து விழுந்த பெரியவர்களுக்கு, பயிற்சி இல்லாதவர்கள் ஊத வேண்டாம், அமுக்கினால் போதும். விழுந்த கணத்தில் அவர் ரத்தத்தில் சில நிமிடத்துக்குப் போதுமான ஆக்சிஜன் இருக்கிறது. அதை மூளைக்கு ஓட்டுவதுதான் வேலை. இந்திய மயக்கவியல் மருத்துவர்களின் சங்கமும் 2017-இல் பொதுமக்களுக்கென்று வகுத்த முறையில் அமுக்குவதை மட்டும்தான் வைத்திருக்கிறது. பயிற்சி உள்ளவர்கள் 30 அமுக்கலுக்கு இரண்டு மூச்சு என்று கொடுப்பார்கள்.

ஆனால் காவிரிக் கரையில் இருந்துகொண்டு நான் இதை இத்தோடு விட முடியாது. தண்ணீரில் மூழ்கியவருக்கு நிலைமையே வேறு. அவர் இதயம் நின்றது மூச்சு இல்லாமல். ரத்தத்தில் ஓட்டுவதற்கு ஆக்சிஜனே மிச்சம் இல்லை. அவருக்கு மூச்சுதான் முதல் மருந்து. ஆடிப்பெருக்கு சமயத்திலும், கொள்ளிடத்தில் தண்ணீர் வரும்போதும், கோடை விடுமுறையில் பிள்ளைகள் கிணற்றில் குதிக்கும்போதும் எங்களுக்கு இந்த அழைப்புகள் வரும். போய்ப் பார்த்தால் பையனைத் தோளில் தலைகீழாகப் போட்டுக்கொண்டு ஒருவர் ஓடிக்கொண்டிருப்பார். அல்லது குப்புறப் போட்டு வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுத்துக்கொண்டிருப்பார்கள். வெளியே வருகிற தண்ணீர் வயிற்றில் இருந்தது. நுரையீரலில் இருப்பது அப்படி வராது. வயிற்றை அமுக்கினால் உள்ளே இருக்கும் சோறும் சேர்ந்து வந்து மூச்சுக்குழலை அடைக்கும். போனது போக, நேரமும் போகும்.

கரைக்குக் கொண்டுவந்ததும் மல்லாக்கப் போடுங்கள். நெற்றியில் ஒரு கை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்குங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, அவர் வாயை உங்கள் வாயால் முழுக்க மூடி, நெஞ்சு எழும்புகிற அளவுக்கு ஒரு விநாடி ஊதுங்கள். இரண்டு முறை. பிறகு 30 அமுக்கல், மறுபடி இரண்டு மூச்சு. குழந்தைகளுக்கும் இதே முறைதான், ஏனென்றால் குழந்தைகளின் இதயம் பெரும்பாலும் மூச்சு நின்ற பிறகே நிற்கிறது. கைக்குழந்தை என்றால் நெஞ்சை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்து, இரண்டு கட்டைவிரலால் 4 சென்டிமீட்டர் அமுக்குங்கள். மூச்சுக் கொடுக்கும்போது வாயையும் மூக்கையும் சேர்த்து மூடிக்கொண்டு, கன்னத்தில் உள்ள காற்றை மட்டும் மெல்ல ஊதுங்கள்.

ஒரு வாய்க்கால் மதகு அருகில் எட்டு வயதுச் சிறுவனை இப்படி ஒரு கல்லூரி மாணவன் காப்பாற்றியதைப் பார்த்தேன். என்.எஸ்.எஸ். முகாமில் கற்றுக்கொண்டானாம். "அண்ணே, வயித்த அமுக்குங்கன்னு எல்லாரும் திட்டுனாங்க, நான் கேக்கல" என்று என் பைலட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நாங்கள் இறங்கும்போதே சிறுவன் இருமி வாந்தி எடுத்து அழுதுகொண்டிருந்தான். நான் செய்தது ஆக்சிஜன் மாட்டி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, மருத்துவமனையில் சேர்த்தது மட்டும்.

பாம்புக் கடியிலும் மூச்சு முக்கியம். நல்ல பாம்போ கட்டுவிரியனோ கடித்தால் விஷம் நரம்பைப் பிடிக்கும். இமை தொங்கும், நாக்குக் குழறும், கடைசியில் மூச்சு விடும் தசை ஓயும். இதயம் அப்போதும் துடித்துக்கொண்டிருக்கும், காதும் கேட்கலாம். கண் திறக்கவில்லை, அசைவில்லை என்று செத்துவிட்டதாக முடிவு செய்யாமல், விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனை போய்ச் சேரும்வரை மூச்சுக் கொடுத்துக்கொண்டே போனால் அந்த ஆள் எழுந்து நடக்க முடியும்.

மின்சாரம் தாக்கியவரை மெயினை அணைக்காமல் தொடாதீர்கள். மோட்டார் ஷெட்டில் ஒருவரைக் காப்பாற்றப் போய் அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை.

நெஞ்சை அமுக்கும் இந்த முறை பிறந்ததே மின்சாரத் தொழிலாளிகளின் சாவிலிருந்துதான். அமெரிக்காவில் மின்கம்பத்தில் வேலை செய்கிறவர்கள் தாக்குண்டு இறப்பது அதிகமாக, நின்ற இதயத்தை மின்சாரத்தாலேயே மீட்க முடியுமா என்று பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆராய்ந்துகொண்டிருந்தார் வில்லியம் கூவென்ஹோவன். டாக்டர் அல்ல, மின் பொறியாளர். அவரோடு வேலை செய்த கை நிக்கர்பாக்கர் என்பவர், 1958-இல் ஒரு நாயின் நெஞ்சில் மின்தகடுகளை அழுத்தி வைத்தபோது, மின்சாரம் பாய்ச்சும் முன்பே ரத்த அழுத்தம் ஏறுவதைக் கவனித்தார். அதுவரை நெஞ்சைக் கிழித்து இதயத்தைக் கையால் பிசைவதுதான் ஒரே வழி. அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூடும் சேர, மூவரும் 1960 ஜூலையில் கட்டுரை எழுதினார்கள். இரண்டு கை இருந்தால் எவரும் எங்கும் செய்யலாம் என்பதுதான் அதன் சாரம். வாய் வழியாக மூச்சுக் கொடுப்பதை அதே ஊரில் பீட்டர் சாஃபர் என்ற மயக்கவியல் மருத்துவர் நிலைநாட்டியிருந்தார். இரண்டும் சேர்ந்ததுதான் சி.பி.ஆர். நாங்கள் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு போகிற பொம்மையையும் அதே 1960-இல் செய்தவர் நார்வே நாட்டுப் பொம்மை தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால்.

"போலீஸ் கேஸ் ஆயிடுமே?" இது ஆட்டோ ஸ்டாண்டுக் கேள்வி. சாலை விபத்தில் உதவுகிறவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவே சேர்த்தார்கள்: நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குப் போட முடியாது. பெயரைக் கூடச் சொல்லும்படி வற்புறுத்த முடியாது. விபத்து இல்லாத மற்ற இடங்களில், சம்மதம் கேட்க வழியில்லாத நிலையில் ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்வது குற்றமாகாது என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 92-வது பிரிவிலேயே இருந்தது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 30-வது பிரிவு.

எப்போது நிறுத்தலாம் என்றால், ஆள் அசைந்து மூச்சு விட்டால், நாங்கள் வந்து உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டால், அல்லது உங்களால் இனி முடியாது என்றால். சில பொது இடங்களிலும் விமான நிலையங்களிலும் ஏ.இ.டி. என்ற மின்அதிர்ச்சிக் கருவி இருக்கும். திறந்தால் அதுவே பேசும், சொல்வதைச் செய்யுங்கள். தேவையில்லாதவருக்கு அது மின்சாரம் கொடுக்காது. தொடங்கவே கூடாத இடங்களும் உண்டு. உடம்பு விறைத்துக் குளிர்ந்துவிட்டால் விட்டுவிடுங்கள். நோய் முற்றி, இனி இழுக்க வேண்டாம் என்று மருத்துவரும் குடும்பமும் பேசி முடிவு செய்து வீட்டுக்கு வந்தவரின் விலாவை உடைக்கக் கூடாது. அங்கே கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் மரியாதை.

பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு விருப்பம் இல்லை. எல்லாம் சரியாகச் செய்தாலும் பெரும்பாலானவர்கள் திரும்புவதில்லை. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பிழைத்து வீடு திரும்புகிறவர்கள், வசதி மிகுந்த அமெரிக்காவிலேயே நூற்றுக்குச் சுமார் பத்துப் பேர். ஆனால் அந்தப் பத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிவது வழிப்போக்கர்களால்தான். டென்மார்க் அதைச் செய்து காட்டியது. 2005-இல் பள்ளிகளில் சி.பி.ஆர். பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள், 2006-இல் ஓட்டுநர் உரிமம் வாங்குகிறவர்களுக்கும். 2001-இல் விழுந்தவர்களில் 21 சதவீதம் பேருக்குத்தான் பக்கத்தில் இருந்தவர்கள் நெஞ்சை அமுக்கினார்கள். 2010-இல் அது 45 சதவீதம் ஆனது. முப்பது நாள் தாண்டி உயிரோடிருந்தவர்கள் அதே காலத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமாகக் கூடினார்கள். 2021 ஜூன் 12-ஆம் தேதி கோபன்ஹேகன் மைதானத்தில், ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்தின் நடுவே, அந்நாட்டுக் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. உடனே நெஞ்சை அமுக்கினார்கள், மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். மூன்று வருடம் கழித்து அவர் அதே ஐரோப்பியக் கோப்பையில் தன் நாட்டுக்காகக் கோல் அடித்தார்.

நம் ஊர் ஆர்.டி.ஓ. மைதானத்தில் பைக்கை வைத்து 8 போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். கால் தரையில் பட்டால் ஃபெயில். அதே மைதானத்தின் ஓரத்தில் ஒரு பொம்மையைப் போட்டு, இரண்டு நிமிடம் அமுக்கிக் காட்டினால்தான் லைசென்ஸ் என்று வைப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. பத்தாம் வகுப்பில் ஒரு பீரியடு ஒதுக்குவதற்கும் ஆகாது. அரசு அதைச் செய்யட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அக்டோபர் 16-ஆம் தேதியை உலகம் முழுக்க இந்தப் பயிற்சிக்கான நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்த வாரம் உங்கள் ஊர் மருத்துவக் கல்லூரியிலோ அரசு மருத்துவமனையிலோ போய்க் கேளுங்கள். குடியிருப்போர் சங்கமோ, கோயில் விழாக் கமிட்டியோ, இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு கூப்பிட்டால் எங்களைப் போன்றவர்கள் வருவோம். ஒரு மணி நேரம் போதும், பொம்மையை நாங்கள் கொண்டுவருகிறோம்.